சத்தம் போடாத டயர்

ஜூன் 4

அண்ணனுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, உன் எண்ணை என் போனில் இன்னும் தடுத்துத்தான் வைத்திருக்கிறேனா என்று பார்த்தேன். வைத்திருக்கிறேன். பல் துலக்கியது அதற்குப் பிறகுதான். தினமும் இப்படிப் பார்ப்பதில்லை. நேற்று உன் கடிதம் வந்ததும் ஒரு சந்தேகம், தூக்கக் கலக்கத்தில் இரக்கப்பட்டு எடுத்துவிட்டிருப்பேனோ என்று.

ஒரு வருஷமாகப் பேசாத தங்கையிடம் கேட்பதற்கு உனக்கு டயர்தான் கிடைத்தது. "பாப்பா, நீதான் காது, சத்தம் எல்லாம் படிச்சவ. காண்டாமிருகத்துக்குச் சத்தம் போடாத டயரா ஒண்ணு சொல்லேன்" என்று, நேற்றுத்தான் பேசிவிட்டுப் போனவன் மாதிரி எழுதியிருக்கிறாய். நடந்ததை "அந்தச் சம்பவம்" என்கிறாய். சம்பவம் என்றால் யாரும் செய்யாமல் தானாக நடந்தது போல இருக்கிறது. அதனால் நான் எழுதுகிறேன், உனக்கும் ஒரு தடவை எழுத்தில் இருக்கட்டும்.

போன வருஷம் இதே மாதம் அம்மாவை என் வீட்டில் விட வந்தாய். நீ காண்டாமிருகம் என்று பேர் வைத்திருக்கிறாயே, நாலு சக்கரமும் இழுக்கிற அந்த ஏழு பேர் வண்டியில். ஷோரூமில் டைல்ஸ் விற்கிறவன் நீ. மழை பெய்தால் கடை வாசலில் தேங்குவதைத் தவிர வேறு சேற்றைப் பார்த்ததில்லை. ஆனாலும் கெத்துக்காக அதற்குச் சேற்று டயர் போட்டிருந்தாய், கட்டை கட்டையாகப் பல் வைத்தது. நடு வரிசையை மடக்கி மாதிரி டைல்ஸ் பெட்டிகளை அடுக்கினாய். அம்மாவைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தாய். வழியில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தது. கூப்பிட்டிருக்கிறார்கள். டயர் இரைச்சலில் கேட்கவில்லை என்றாய். என் வீட்டு வாசலில் பின்கதவைத் திறந்தது நான். அம்மா என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார்கள். பாதி வாய்தான் வந்தது. இன்னும் கொஞ்சம் சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பேச்சாவது மிஞ்சியிருக்கும் என்றார் டாக்டர். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்னேன், இனி உன் குரலைக் கேட்கமாட்டேன் என்று. அதற்குப் பதிலடியாகத்தான் "தனியா இருக்கறவ, வேலைக்குப் போறவ, உன்னால முடியாது" என்று ஆம்புலன்சில் ஏற்றி அவர்களை உன் ஊருக்கே கொண்டுபோனாய்.

இப்போது அம்மா என்னிடம் வர வேண்டும் என்று கையைக் காட்டிக் காட்டி அழுவதாக எழுதியிருக்கிறாய். சக்கர நாற்காலியும் கட்டிலும் அந்த வண்டியில்தான் ஏறும், ஆனால் நெடுஞ்சாலையில் ஏறி இரைச்சல் தொடங்கியதும் அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நடுங்குகிறார்கள் என்கிறாய். நடுங்காமல் என்ன செய்வார்கள்?

டயர் சொல்கிறேன். அம்மா இங்கே வர வேண்டும், அதற்காக. கடையில் காட்டுகிற ஒவ்வொரு டயரின் மேலும் ஒரு தாளை வைத்துப் பென்சிலால் தேய். தடம் தாளில் விழும். அனுப்பு.

இன்னொன்று. பழைய டயரைக் கழற்றுவதற்கு முன், அண்ணியை வண்டி ஓட்டச் சொல். நீ கடைசி வரிசையில் போய் உட்கார். அதே வேகத்தில், அதே ரோட்டில் போகும்போது, அம்மா கூப்பிட்டது போலக் கூப்பிடு. எப்படி இருந்தது என்று எழுது.

தங்கை

&nbsp;

ஜூன் 9

பாப்பாவுக்கு,

கடை லெட்டர்பேடுல எழுதறேன்னு கோவிச்சுக்காத, வீட்ல வெள்ளைத்தாள் கிடைக்கல. உன் கடிதத்தைப் படிச்சேன். நல்லா எழுதறே. பள்ளிக்கூடத்துலயும் கட்டுரைப் போட்டில என்னைத் திட்டித்தானே பரிசு வாங்கினே. "அண்ணனுக்கு" அப்படின்னு ஆரம்பிச்சிருக்கே. ஏதோ கரண்ட் ஆபீசுக்கு மனு போடற மாதிரி இருக்கு. நீ என்னை அண்ணான்னு கூப்பிட்டு ஒரு வருஷமாச்சு. போகட்டும்.

டயர் கடைக்குப் போனேன். கடைக்காரர் மூணு தினுசு உருட்டிக் காட்டினார். முதல்ல இப்ப இருக்கறதோட அண்ணன் மாதிரி ஒண்ணு, இன்னும் பெரிய பல்லு. "இதைப் போட்டீங்கன்னா ரோட்ல எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க சார்"னார். "எங்கம்மா ஒருத்தங்க திரும்பாம உட்கார்ந்து வந்தாப் போதும்"னேன். அவருக்குப் புரியல, சிரிச்சார். ரெண்டாவது, காட்டுக்கும் ஆகும் ரோட்டுக்கும் ஆகும்கற ரகம். மூணாவது வெறும் ரோட்டு டயர். அதைக் காட்டறப்ப அவர் முகமே வாடிப்போச்சு. "இது ரிட்டயர் ஆனவங்க போடறது சார். வண்டி கம்பீரமே போயிடும்" அப்படின்னார்.

நீ சொன்ன மாதிரி தாளை வெச்சு பென்சிலால தேய்ச்சேன். டைல்ஸ் டிசைன் எடுக்கற மெழுகுத்தாள் கடையில இருக்கே, அதுல. பக்கத்துல டீ குடிச்சிட்டு நின்னவங்க எல்லாம் வந்து பார்த்தாங்க. ஒருத்தர் "டயருக்கு ஜாதகம் எழுதறீங்களா"ன்னு கேட்டார். மூணு தாளும் இதோட இருக்கு.

பின்சீட்டுல உட்காரச் சொன்னியே, அது இப்ப முடியல. இடுப்புல பிடிச்சிருக்கு. அங்க ஏறி உட்கார்ந்தா என்னை ஜாக்கி வெச்சுத்தான் எடுக்கணும். அண்ணியும் அவ்வளவு பெரிய வண்டியை ஹைவேயில ஓட்டமாட்டாளாம்.

அம்மா நேத்து உன் பேரைச் சொன்னாங்க. முழுசா இல்ல. ஆனா உன் பேருதான்.

அண்ணன்

&nbsp;

ஜூன் 13

அண்ணனுக்கு,

தாள்களை வேலை இடத்துக்கு எடுத்துப்போய், மதியம் ஆள் இல்லாத நேரத்தில் மேஜையில் விரித்தேன்.

காது கேட்கிறதா என்று சோதிக்கிற என் அறையை நீ பார்த்ததில்லை. கனத்த கதவு வைத்த ஒரு சின்னப் பெட்டி, உள்ளே ஒரு நாற்காலி, இடையில் கண்ணாடி. உள்ளே இருப்பவர் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, ஒலி கேட்டால் பொத்தானை அழுத்துவார். வெளியே நான். சிலர் கேட்காததற்கும் அழுத்துவார்கள், பாவம், நம்மைத் திருப்திப்படுத்த. இன்னும் சிலர் கேட்டும் அழுத்தமாட்டார்கள். லீவு வேண்டும், மாறுதல் வேண்டும், ஏதோ ஒன்று. அவர்களைக் கண்டுபிடிக்க எங்களிடம் தனிச் சோதனையே இருக்கிறது. பெரும்பாலும் சோதனையும் தேவைப்படாது. "சரி, முடிந்தது, போகலாம்" என்று உதட்டை மறைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னால் எழுந்துவிடுவார்கள்.

டயருக்கு வருகிறேன். முதல் தாளை அப்படியே கடைக்காரரிடம் திருப்பிக் கொடு. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே உன் கட்டைவிரல் போகும். அந்தப் பள்ளத்தில் காற்று சிக்கிச் சிக்கி வெடித்து வெளியே வருகிறது, அதுதான் நீ கம்பீரம் என்று நினைத்த சத்தம். இரண்டாவது புதிதாக இருக்கும்போது நல்ல பிள்ளை. ஆனால் அதன் கட்டைகள் எல்லாம் ஒரே அளவு. ஒரே அளவாக இருந்தால் ஒரே சுருதியில் ஊளையிடும், தேயத் தேயக் கூடும். மூன்றாவது தாளைப் பார். நீளவாக்கில் கோடுகள் அறுபடாமல் ஓடுகின்றன. குறுக்கே மெல்லிய கீறல்தான். கட்டைகள் ஒன்று சிறிது, ஒன்று பெரிது, ஒழுங்கில்லாதது போல இருக்கிறதே, அது வேண்டுமென்றே செய்தது. ஒரு சுருதியும் சேராமல் சத்தம் சிதறிவிடும். மூன்றாவதை வாங்கு.

வாங்கும்போது பக்கவாட்டில் எடை தாங்கும் எண்ணைப் பார். ஓட்டுநர் கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கும் வில்லையில் உள்ள எண்ணுக்குக் கீழே இருக்கக் கூடாது. சின்னக் கார் டயர் இன்னும் சத்தமில்லாமல் இருக்கும் என்று யாராவது தலையில் கட்டப் பார்ப்பார்கள். வெடித்துக் கவிழ்கிறவரை அதுவும் சத்தமில்லாததுதான். சக்கரங்கள் நேராக ஓடும்படி வீல் அலைன்மென்ட் சரிசெய்யச் சொல். காற்றை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் பார்க்கச் சொல்.

இதையெல்லாம் உனக்காகச் செய்கிறேன் என்று அண்ணியிடம் சொல்லிக்கொள்ளாதே. உன் மகள் கல்யாணத்துக்கு வந்து உன்னைத் தவிர எல்லோரிடமும் பேசினேனே, புகைப்படக்காரரிடம்கூட, அந்த மனசு அப்படியேதான் இருக்கிறது. வண்டி ஊமையாக வேண்டும் என்று நினைக்கிறேன். நீ ஒளிந்துகொள்ள ஒரு இரைச்சல்கூட அதற்குள் மிஞ்சக் கூடாது. அம்மா முனகினால் உனக்குக் கேட்க வேண்டும். பெருமூச்சு விட்டாலும் கேட்க வேண்டும். இங்கே வந்து சேரும்வரை நீ அதை மட்டும் கேட்டுக்கொண்டு வர வேண்டும்.

இடுப்புக்குத் தைலம் தடவு. பின்சீட்டு காத்திருக்கிறது.

தங்கை

&nbsp;

ஜூன் 20

பாப்பாவுக்கு,

மூணாவதையே போட்டாச்சு. நாலும், ஸ்டெப்னியும். நீ சொன்ன எண்ணு, அலைன்மென்ட், காத்து, எல்லாம் பார்த்தாச்சு. கடைக்காரர் "யார் சார் இவ்ளோ விவரம் சொன்னது, மெக்கானிக்கா"ன்னு கேட்டார். "தங்கச்சி"ன்னேன். "பேசிப் பார்க்கணுமே"ன்னார். "நானே பேசமுடியல"ன்னேன்.

காண்டாமிருகம் இப்ப செருப்பைக் கழட்டிட்டு நடக்கற மாதிரி நடக்குது. டயர் பொடிசாத் தெரியுது. எதிர்க்கடைக்காரர் பார்த்துட்டு "என்ன, ஜிம்முக்குப் போறதை நிறுத்திட்டீங்களா"ங்கறார். உள்ள உட்கார்ந்தா கடிகாரம் ஓடறது கேக்குது. எனக்கு அது ஒரு மாதிரி இருக்கு. பாட்டுப் போட்டுக்கறேன்.

பழைய டயரைக் கடைக்காரரே எடுத்துக்கிட்டார். அதனால நீ சொன்ன சோதனையை இனி செய்யமுடியாது. நான் வேணும்னு செய்யல. நடந்துபோச்சு.

உனக்கு ஒண்ணு சொல்லணும். தப்பு என்மேலதான். அந்த டயரை வாங்கினது நான்தானே. அதை ஒத்துக்கறேன். அதுக்குமேல என்னை என்ன செய்யச் சொல்றே?

அண்ணன்

&nbsp;

ஜூன் 24

அண்ணனுக்கு,

நடந்துபோச்சு. உன் வாழ்க்கையில் எல்லாமே தானாக நடந்துபோகிறது.

அண்ணி ஓட்டமாட்டாளா? கடை ஆரம்பித்த புதிதில் டைல்ஸ் லாரியை ரிவர்ஸ் எடுத்துக் குடோனுக்குள் விட்டது யார், நீயா? நீ பின்னால் நின்று "வா வா வா" என்று கத்திக்கொண்டிருந்தாய். லாரி சுவரில் இடித்ததும் "சத்தத்துல கேக்கல" என்று அப்போதும் சொன்னாய்.

டயர் வாங்கியது தப்பு என்று ஒத்துக்கொள்கிறாய். சின்னத் தப்பை முதலில் எடுத்து நீட்டுகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். ஆனாலும் உன்னிடம் நியாயமாக ஒன்றைச் சொல்கிறேன். இந்த ஒரு வருஷத்தில் அந்தக் கணக்கைப் பலதடவை போட்டுப் பார்த்தேன். சேற்று டயர், நெடுஞ்சாலை வேகம், கடைசி வரிசை, எழுபதைத் தாண்டிய பெண்ணின் குரல். அந்தக் குரல் ஓட்டுகிறவன் காதுக்கு வந்து சேராது. என் படிப்பு அப்படித்தான் சொல்கிறது. அதனால் உன்னைக் கெத்துக்காரன் என்று வெறுத்தேனே தவிர, பொய்யன் என்று வெறுக்கவில்லை.

பாட்டை நிறுத்து. அதற்காகவா டயர் மாற்றினோம்? அம்மாவை ஏற்றி ஒரு தடவை நெடுஞ்சாலையில் போய்த் திரும்பி வா. எங்கே உட்கார விருப்பம் என்று அம்மாவையே கேள். பாட்டு வேண்டாம், போன் வேண்டாம், அண்ணியும் வேண்டாம். நீயும் அம்மாவும் மட்டும். அம்மா நடுங்கினார்களா என்று எழுது. நடுங்கவில்லை என்றால் கூட்டிக்கொண்டு வா.

தங்கை

&nbsp;

ஜூலை 2

பாப்பா,

இதை நாலு தடவை எழுதிக் கிழிச்சுட்டேன். அண்ணி கடைக்குப் போயிருக்கா. இப்ப எழுதலைன்னா எழுதமாட்டேன்.

நேத்து அம்மாவைக் கூட்டிட்டுப் போனேன். எங்க உட்காரணும்னு கேட்டேன். இடது கையை நீட்டிக் கடைசி வரிசையைக் காட்டினாங்க. "முன்னாடி வாம்மா"ன்னேன். கையை இறக்கவே இல்ல. சரின்னு தூக்கி அங்கயே உட்கார வெச்சு பெல்ட் போட்டேன்.

நடுங்கல. நீ சொன்ன மாதிரியே வண்டி ஊமையாப் போச்சு. அம்மா மூச்சு விடறது எனக்குக் கேக்குது. புடவையை இழுத்து விட்டுக்கறது கேக்குது. டோல்கேட் வந்தது. வரிசையில ஊர்ந்துகிட்டு நின்னேன். அப்ப பின்னாடி இருந்து கூப்பிட்டாங்க. "ண்ணா." கொஞ்சம் விட்டு இன்னொரு தடவை. "ண்ணா."

கண்ணான்னுதானே அம்மா என்னைக் கூப்பிடுவாங்க. "க" இப்ப வர்றதில்ல.

பாப்பா, அந்த "ண்ணா"வை நான் ஏற்கெனவே கேட்டிருக்கேன். அன்னைக்குக் கேட்டேன். ஹைவேயில இல்ல. இதே டோல்கேட் வரிசையில. வண்டி ஊர்ந்துகிட்டு இருந்தது. டயர் சத்தமே இல்ல. ஊர்ற வண்டிக்கு என்ன டயர் சத்தம். முதல் தடவை "கண்ணா"ன்னாங்க. அடுத்த தடவை "ண்ணா"ன்னாங்க. வேற மாதிரி இருக்கேன்னு எனக்குத் தோணிச்சு. தோணிச்சு, பாப்பா. ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை நிறுத்தச் சொல்லி நிறுத்தியிருந்தேன். ஒரு தடவை தண்ணி, ஒரு தடவை கால் மரத்துப்போச்சுன்னு. டைல்ஸ் பார்ட்டி உங்க ஊர்ல காத்துகிட்டு இருந்தான். எரிச்சல். கண்ணாடியில பார்த்தேன். பெட்டிதான் தெரிஞ்சது. கழுத்தைத் திருப்பியிருக்கலாம். திருப்பல. "இதோ வந்தாச்சும்மா"ன்னேன். அதுக்கப்புறம் அவங்க கூப்பிடல. தூங்கிட்டாங்கன்னு நினைச்சேன். நிம்மதியாக்கூட இருந்தது.

டயர்னு நான்தான் சொன்னேன். ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்டதும் வாயில வந்தது அதுதான். நீ உடனே தலையாட்டினே. சத்தம் படிச்சவளே ஒத்துக்கிட்டா, அப்புறம் எனக்கே அது உண்மை மாதிரி ஆயிடுச்சு. பின்சீட்டுல உட்காரமாட்டேன்னதுக்கு இடுப்பு காரணம் இல்ல.

நேத்து டோல்கேட் தாண்டி ஓரமா நிறுத்திட்டுப் பின்னாடி போனேன். "என்னம்மா"ன்னு கேட்டேன். ஒண்ணும் வேணாம்னு தலையாட்டினாங்க. வெறுமனே கூப்பிட்டுப் பார்த்திருக்காங்க. நான் அவங்க மடியில தலையை வெச்சுகிட்டேன். நல்லா இருக்கற கையால என் காதைப் பிடிச்சாங்க. திருகினாங்களா, தடவினாங்களான்னு எனக்குத் தெரியல.

அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை அம்மாவைக் கூட்டிட்டு வர்றேன். அவங்க எவ்வளவு நாள் வேணும்னாலும் உன்கிட்ட இருக்கட்டும். நான் வாசல்லயே நின்னுக்கறேன். உள்ள கூப்பிட்டா வர்றேன்.

அண்ணன்

&nbsp;

ஜூலை 6

அண்ணனுக்கு,

உன் கடிதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வா. கிளம்புவதற்கு முன் காற்றைப் பார். அம்மா எங்கே உட்கார வேண்டும் என்கிறார்களோ அங்கே உட்கார வை. நடு வரிசையில் பெட்டி எதுவும் ஏற்றாதே. நிறுத்தச் சொன்னால் நிறுத்து.

வாசலில் நிற்க வேண்டாம். உள்ளே வா. சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

தங்கை

&nbsp;

ஜூலை 6, மாலை

அண்ணனுக்கு,

முதலில் எழுதிய கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன். இது உனக்கு வராது.

இன்று வேலையில் ஒருவர் பெட்டிக்குள் உட்கார்ந்து, எந்த ஒலிக்கும் பொத்தானை அழுத்தவில்லை. கதவைத் திறந்து, அவர் பக்கம் பார்க்காமல், "போகலாம்" என்று மெதுவாகச் சொன்னேன். எழுந்துவிட்டார். வழக்கமாக அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பு வரும். இன்று அவர் போனபிறகு நானே பெட்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். வெளியே இருந்து ஒன்றும் கேட்காது. தன் மூச்சுதான் கேட்கும். அம்மா அப்படித்தான் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள், டைல்ஸ் பெட்டிகளுக்குப் பின்னால். "இதோ வந்தாச்சு" என்ற பதிலைக் கேட்டுவிட்டு, நம்பி.

ஒரு வருஷம், அண்ணா. ஒரு வருஷம் நான் ரப்பரை வெறுத்தேன். ரோட்டில் எந்தப் பெரிய வண்டி போனாலும் குனிந்து டயரைப் பார்த்தேன். காற்று எப்படிச் சிக்கும், எந்தச் சுருதியில் ஊளையிடும் என்று படித்தேன். அந்த வேலையை எனக்குக் கொடுத்தது நீ. படித்தவளின் கையில் அவள் பாடத்தையே கொடுத்து ஏமாற்றினாய். நானும் பெருமையாகக் கணக்குப் போட்டேன். வேகம் எவ்வளவு என்று கேட்டேனே தவிர, வண்டி அப்போது ஓடிக்கொண்டிருந்ததா என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

நீ அழுதிருப்பாய் என்று தெரிகிறது. தாளில் இரண்டு இடத்தில் மை பரவியிருக்கிறது. அதைப் பார்த்து என் மனசு இளகும் என்று காத்திருந்தேன். தண்ணீர் குடித்தேன். துணி மடித்தேன். இளகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நன்றாகச் சமைப்பேன். உனக்கு இரண்டாவது தடவை பரிமாறுவேன். உன்னிடம் பேசுவேன், உன் குரலைக் கேட்பேன், நீ நிம்மதியாக மூச்சு விடுவாய். கை கழுவியதும், "டயர் எப்படி இருக்கிறது என்று நானே ஓட்டிப் பார்க்கிறேன், சாவியைக் கொடு" என்பேன். கொடுப்பாய். இந்த நிலையில் நீ எதைத்தான் மறுக்க முடியும்? அம்மாவை முன்சீட்டில், என் பக்கத்தில் உட்கார வைப்பேன். நீ கடைசி வரிசைக்குப் போவாய். முழங்கால் மார்பில் இடிக்கும். போய் உட்காரு, அங்கேதான் சோதனை செய்ய வேண்டும் என்று சொல்வேன். நடு வரிசையை மடக்கி, என் அலமாரியில் உள்ள பழைய புத்தகப் பெட்டிகளை அடுக்கிவிடுவேன்.

நெடுஞ்சாலையில் ஏறியபிறகு நீ கூப்பிடுவாய். முதலில் சிரித்துக்கொண்டே கூப்பிடுவாய். பிறகு தண்ணீர் கேட்பாய். பிறகு கால் மரத்துவிட்டது என்பாய். டோல்கேட்டில் வண்டி ஊரும்போது, கொஞ்சம் நிறுத்து பாப்பா என்பாய். ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்கும். கேட்கும்படியான டயரைத்தானே தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். "இதோ வந்தாச்சுண்ணா" என்பேன். கழுத்தைத் திருப்பமாட்டேன்.

அம்மாவால் நிறுத்து என்று சொல்ல முடியாது. ஆனால் இடது கை நன்றாக இருக்கிறது. உன் குரல் கேட்டு அவர்கள் அந்தக் கையைத் தூக்கினால், அந்த இடத்திலேயே ஓரம் கட்டி, பெட்டிகளை இறக்கி, உன்னைக் கைபிடித்து வெளியே எடுப்பேன். அதற்குப்பிறகு இதைப் பற்றி என் ஆயுளுக்கும் பேசமாட்டேன்.

தூக்காவிட்டால் நான் ஓட்டிக்கொண்டே இருப்பேன். டீசலை நிரப்பிக்கொண்டு வரச் சொல்லி நாளைக்கு உனக்கு ஒரு கார்டு போட வேண்டும்.